கால் கிலோ கசகசா

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் போதைப் பொருள் உட்கொண்டிருக்கிறேன். அதில் முந்திரியும் ஏலக்காயும் போட்டிருந்தேன்.

இதை ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டவள் என்பதால், இங்கே மறைக்க ஒன்றுமில்லை. முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் பட்டுக்கோட்டை. திருச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடிவிட்டதால் சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை. கீழே குடியிருந்த வீட்டுக்காரர்கள் மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போனவர்கள்; குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. வேலை தி. நகரில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லும் குறிப்புகளை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே தட்டச்சு செய்துவிடுகிறது. அது காதில் விழுந்ததையெல்லாம் அடித்து வைக்கும். நாங்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டு, அது செய்த தப்புகளைத் திருத்த வேண்டும்.

ஆக, நாள் முழுவதும் என் காதுக்குள் யாராவது பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். என்னிடம் பேசவில்லை, அவ்வளவுதான். ஒரு டாக்டருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் ஓர் இருமல் வரும். ஒரு வாரம் அவர் குரலே வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. (லீவில் போயிருப்பார் போல. அடுத்த திங்கட்கிழமை அதே இருமலோடு வந்து சேர்ந்தார், எனக்குப் போன உயிர் வந்தது. அந்த மனிதருக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது.) இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஃபோன் செய்யும் பெண்களிடம் ஊரே எரிந்து விழும், நான் அவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். ஒருத்தி என்னோடு பத்து நிமிடம் பேசிவிட்டு, "மேடம், எனக்கு டார்கெட் இருக்கு மேடம், வெச்சிடட்டுமா?" என்று கெஞ்சினாள்.

அலுவலகத்தில் என்னிடம் தானாக வந்து பேசிய ஒரே ஆள் மெர்சி. இருபத்தாறு வயதுப் பெண். பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா மீன் விற்கிறவர், அண்ணன் படகில் போகிறவர். என் பக்கத்து நாற்காலி. அவளுக்கு வாய் ஓயாது. என்னைத் தவிர எல்லாரும் அதற்காக அவளைக் கடிந்துகொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பிறந்தநாள் பட்டியலைப் பார்த்துவிட்டு மெர்சி என் பக்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, சண்டே உனுக்கு பர்த்டேவா? சொல்லவே இல்ல! இன்னா பண்ணப் போற?"

உண்மையான பதில்: துணி துவைக்கப் போகிறேன். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் வேறொன்று சொன்னது.

"ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க மெர்சி. வீட்லயே சமையல்."

"எத்தினி பேரு?"

"ஏழு பேர்."

ஏன் ஏழு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு என்றால் பரிதாபமாக இருக்கும், பத்து என்றால் நம்பமாட்டாள் என்று மூளை கணக்குப் போட்டிருக்கும். அதோடு விட்டேனா? ஒருத்தி வங்கியில் இருக்கிறாள் என்றேன். ஒருத்தி பாட்டு டீச்சர் என்றேன். இரண்டு பேர் அக்கா தங்கை, எப்போதும் சண்டை போடுவார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அவர்களைப் பிடித்துப்போனது.

"இன்னா ஐட்டம்?"

"கசகசா பாயசம். எங்க ஊர்ப் பக்கம் விசேஷம்னா அதுதான்."

மெர்சியின் கண் விரிந்தது. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நானும் வரட்டாக்கா?"

இந்த இடத்தில்தான் இன்றும் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக, உயிரும் உடம்புமாக ஒருத்தி, என் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறாள். நான் என்ன செய்தேன்? அவள் வந்தால் அந்த ஏழு பேர் இல்லாதது தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

"சின்ன ரூம் மெர்சி. எடம் பத்தாது."

"அதுவும் சரிதான். ஏழு பேருன்னா நெருக்கடியாத்தான் இர்க்கும்" என்றாள். அவள் முகம் சட்டென்று சின்னதாகி, அடுத்த கணமே பழையபடி ஆகிவிட்டது. அவள் அப்படித்தான். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

அன்று மாலை பஸ்ஸில் என்னோடே வந்து, மயிலாப்பூரில் தானும் இறங்கினாள். "வாக்கா, சாமான் வாங்க ஒத்தாசை பண்றேன்" என்று தெற்கு மாட வீதியில் ஒரு மளிகைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் கொஞ்சமாகக் கேட்டிருப்பேன். விடவில்லை.

"எட்டு ஆளுக்கு அது எந்த மூலிக்கு? அண்ணாத்தே, கால் கிலோ போடு!"

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கசகசாவா? கால் கிலோவா? கல்யாணமாம்மா?"

"பர்த்டே" என்றாள் மெர்சி, ஏதோ தன்னுடைய பிறந்தநாள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் அம்மா ஊரிலிருந்து ஃபோன் செய்து வாழ்த்தினாள். "யாராச்சும் வர்றாங்களாடி?" என்றாள். "வர்றாங்கம்மா" என்றேன். ஒரு பொய்யை இரண்டு இடத்தில் வேறு வேறாகச் சொல்வது குழப்பம் பாருங்கள். "அப்ப தேங்காய நல்லா வழுவழுன்னு அரைச்சிடு. கசகசாவ முன்னாடியே ஊற வெச்சிட்டியா? வெல்லத்தை வடிகட்டு. நீ மட்டும் ரொம்ப குடிச்சிடாத, தூக்கம் கண்ணைக் கட்டும்" என்றாள்.

கால் கிலோவையும் போட்டேன். பாதியை எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் பொய் சொன்னாலும் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நேர்மை உண்டு. எட்டுப் பேருக்கு என்றால் எட்டுப் பேருக்குத்தான். மிக்ஸியில் நாலு தடவையாக அரைத்து, வீட்டிலிருந்ததிலேயே பெரிய பாத்திரத்தில் கொதிக்க விட்டு, பாலும் வெல்லமும் சேர்த்து இறக்கியபோது மொட்டை மாடியெங்கும் மணத்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சி என் பக்கம் பார்த்தார். ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

முதல் டம்ளரைப் பதினோரு மணிக்குக் குடித்தேன். நன்றாக இருந்தது. "நல்லாருக்கு" என்று வாய்விட்டே சொன்னேன். அறையில் அந்தச் சத்தம் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை மறைக்க இரண்டாவது டம்ளர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிலாக மூன்றும் நான்கும். அதற்குப் பிறகு டம்ளரை விட்டுவிட்டேன், கரண்டிதான்.

என்னிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. சரி, மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டு போயிருக்கலாமே? மிச்சம் இருந்தால் விருந்தாளிகள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆகிவிடுமே! என் விருந்தாளிகளை அப்படியெல்லாம் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாலை ஐந்து மணிக்குப் பாத்திரத்தின் அடி தெரிந்தது. அத்தோடு சுவரில் சாய்ந்தவள், கண்ணைத் திறந்தபோது திங்கட்கிழமை காலை ஏழு மணி. கரண்டி என் கையிலேயே இருந்தது.

அலுவலகத்துக்கு மிதந்துகொண்டு போனேன்.

"எப்டிக்கா போச்சி?" என்றாள் மெர்சி.

"பாத்திரத்தையே வழிச்சிட்டாங்க மெர்சி."

"அப்டி போடு!" என்று என் முதுகில் தட்டினாள்.

பதினோரு மணிக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். எங்கள் வாடிக்கையாளரான வெளிநாட்டு நிறுவனம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்ததாம்: வேலை செய்கிற அத்தனை பேருக்கும் போதைப் பொருள் பரிசோதனை, முன்னறிவிப்பு இல்லாமல். மனிதவளப் பிரிவு அதிகாரி ரகுராமன் இதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் மெல்லிய திருநீறு. "சிறுநீர்" என்ற சொல் அவர் வாயில் வரவே மறுத்தது. "அந்த... சாம்பிளை... எல்லாரும்... அவசரம் இல்ல, வரும்போது குடுத்தாப் போறும்" என்றார்.

ஆய்வகத்திலிருந்து பெட்டியோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். கழிவறைக் குழாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். தொட்டித் தண்ணீரில் நீல மருந்து ஊற்றிவிட்டார்கள், யாரும் தண்ணீர் கலந்து ஏமாற்றிவிடக் கூடாதாம். வாசலில் நீல உடை போட்ட ஓர் அம்மாள் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, கண்டிப்பான முகம்.

"மருந்து மாத்திரை எதாச்சும் சாப்டுறீங்களா? இருமல், ஜலதோசம்? ராத்திரி தூக்கம் நல்லா வருதா?"

சென்னைக்கு வந்து எட்டு மாதத்தில் என் தூக்கத்தைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான். "நேத்து நல்லா தூங்கினேங்க. அதுக்கு முன்னாடி அவ்வளவா இல்ல. தெரு நாய் சத்தம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா இல்லன்னு சொன்னா போதும்மா. பின்னாடி க்யூ நிக்குது."

ஆமா என்று சொல்லிவிட்டுக் குப்பியை வாங்கிக்கொண்டேன். பயமே இல்லை. காபிக்கு மேல் கெட்ட பழக்கம் இல்லாதவள் நான். பள்ளிக்கூடத்தில்கூடப் படிக்காமல் போய்ப் பாஸாகும் பரீட்சை ஒன்று கிடைத்ததில்லை. இதுதான் முதல் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ரகுராமன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன அறை. அவரும் எங்கள் பிரிவு மேலாளர் கல்பனாவும் இருந்தார்கள். மேசை நடுவில் ஒரு ஃபோன். அதன் ஸ்பீக்கரில் ஆய்வகத்து டாக்டர், குரலை வைத்துப் பார்த்தால் வயதான பெண்மணி. டாக்டர் குரல் கேட்டதும் என் விரல்கள் பழக்கதோஷத்தில் மேசைமேல் தட்டச்சு செய்ய ஆரம்பித்தன. அந்தக் குரல் என்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"வளர்மதி, உங்க சாம்பிள்ல ஓப்பியம் வகைப் பொருள் இருக்குறதா வந்திருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டோம்."

ஓப்பியம் என்றால் பழைய காலத்து ராஜாக்கள் சாப்பிடுவது என்றுதான் எனக்குத் தெரியும். ரகுராமன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்பனா மட்டும் நேராகப் பார்த்தார். வேலை போகும். போனால் பட்டுக்கோட்டைக்குத் திரும்ப வேண்டும். போய், போதைப் பொருள் கேஸில் வேலை போனது என்று அங்கே இருக்கும் என் அண்ணனிடம் எப்படிச் சொல்வேன்?

"இருமல் மருந்து, வலி மாத்திரை எதாவது?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க."

"சரி. கசகசா சேர்த்த சமையல் எதாவது சாப்பிட்டீங்களா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "ஆமாங்க! பாயசம்! ஞாயித்துக்கிழமை! கசகசா பாயசம்!"

ரகுராமன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்பாடா! சொல்லப்படாதோ? எங்காத்துலகூட பண்ணுவா!" என்று அலுவலகத் தமிழை மறந்தார்.

"எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

அங்கேதான் நான் தடுமாறினேன். கல்பனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு... டம்ளர்."

"ஒரு டம்ளருக்கு இந்த அளவு ஏறாதேம்மா."

"நிறைய கசகசா போட்டேங்க. வேணும்னா மெர்சியைக் கேளுங்க. அவதான் கூட வந்து வாங்குனா."

இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொந்த புத்தி.

மெர்சியைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், உடனே எனக்காகச் சண்டைக்கு நின்றாள்.

"சார், நான் சாட்சி சார்! நான்தான் கடைல கூட நின்னு வாங்கினேன். கால் கிலோ. அக்கா வூட்டுக்கு ஏழு பேரு வந்தாங்கோ, அக்காவோட எட்டு. எல்லாரும்தான் குடிச்சாங்கோ. அக்கா மேல தப்பே இல்ல சார்!"

ஃபோனில் டாக்டர் மனக்கணக்குப் போட்டார். "கால் கிலோவை எட்டுப் பேர் பங்கு போட்டா ஒருத்தருக்கு முப்பது கிராம் சொச்சம். ம்ஹூம். சரியா வரலையே."

கல்பனா பேனாவை எடுத்தார். "அந்த ஏழு பேர் யாரு வளர்மதி?"

"ஃப்ரெண்ட்ஸ் மேடம்."

"அவங்கள்ல ஒருத்தர் வந்து எழுதிக் கொடுத்தாக்கூட உங்களுக்கு உதவியா இருக்கும்."

"பேங்க்ல வேல பாக்குறவங்கள கூப்புடுக்கா" என்றாள் மெர்சி, எனக்கு உதவி செய்வதாக நினைத்து. "இல்லாங்காட்டி அந்த பாட்டு டீச்சரு."

"அவங்க ஊர்ல இல்ல" என்றேன்.

"யாரு? டீச்சரா?"

"எல்லாரும்."

"ஏழு பேருமா?" என்றார் கல்பனா.

"ஆமா மேடம். ஒண்ணா... திருப்பதிக்கு."

"ஃபோன் நம்பர் குடுங்க."

"மலை மேல சிக்னல் கிடைக்காது மேடம்."

"திருப்பதில நன்னா கிடைக்குமே" என்றார் ரகுராமன் மெதுவாக. "நான் போன மாசம்தான் போய்ட்டு வந்தேன்."

கல்பனா பேனாவைக் கீழே வைத்தார். "வளர்மதி, வெளிப்படையாவே கேக்குறேன். ஞாயித்துக்கிழமை உங்க ரூம்ல என்ன பார்ட்டி நடந்தது? அந்த ஏழு பேருக்கும் இந்தப் பழக்கம் இருக்கா?"

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு வந்தது ரோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஏழு பேர்மேல் பழி விழுந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்களைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க மேடம்! ரொம்ப நல்ல பொண்ணுங்க! அதுல ஒருத்தி வெங்காயம்கூட சாப்பிடமாட்டா!"

"அப்ப யாருன்னு சொல்லுங்க."

ஏழு பேரையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது.

"யாரும் வரல மேடம்."

"என்னது?"

"அப்படி யாருமே இல்ல. சும்மா சொன்னேன். பாயசத்தை நானேதான் சாப்பிட்டேன்."

ஃபோனிலிருந்து டாக்டரின் குரல் மட்டும் கொஞ்சமும் மாறாமல் வந்தது. "முழுசுமா?"

"ஆமாங்க."

"எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

"பதினொண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தூங்கிட்டேங்க. மறுநாள் காலைல ஏழு மணி வரைக்கும்."

"ம். இது சரியா வருது" என்றார் டாக்டர், திருப்தியோடு. "வேற யாராவது பார்த்தாங்களா?"

"பாக்குறதுக்கு யாரும் இல்லைங்க."

ரகுராமன் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவர், இந்த வரியில் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொறந்த நாளாச்சே..." என்று ஏதோ சொல்ல வந்து, முடிக்கவில்லை.

நான் மெர்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் ஓயாத பெண்.

முடிவு இப்படி ஆனது: ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை. அதுவரை கசகசா வாடையே கூடாது, அலுவலகத்துக்கும் வரக் கூடாது. நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "கால் கிலோ கசகசாவில் செய்த பாயசம் முழுவதையும் தனியாக உட்கொண்டேன்." என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே பெயர்.

அந்த வீட்டுக்காவலைப் பற்றி என்ன சொல்ல? இருமல் டாக்டர்கூட இல்லை. முதல் நாள் அறையைக் கழுவினேன். இரண்டாம் நாள் கழுவிய அறையை மறுபடி கழுவினேன். மெர்சிக்கு ஆறு தடவை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. வேலை போவதைவிட அந்த "எடம் பத்தாது" தான் என்னை அரித்தது. எதிர்வீட்டு மாடியில் அந்த அம்மாள் துணி காயப்போட வருவதையும் போவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சூரன்ஸ்காரியாவது கூப்பிடமாட்டாளா என்றிருந்தது. (கூப்பிடவில்லை. என் நம்பரைப் பார்த்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.)

மூன்றாம் நாள் காலை பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். மெர்சியின் அம்மா ஸ்டெல்லா கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்பது தெரியும். எந்த இடம் என்று தெரியாது. மூன்று பேரிடம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். நல்ல கனத்த உடம்பு, கையில் கத்தி, முன்னால் பலகையில் சங்கரா மீன்.

"மெர்சி அம்மாங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அந்த பாயசம்?"

"ஆமாங்க."

"எம் பொண்ணு ஒருத்தி குந்தறதுக்கு உன் வூட்ல எடம் இல்லியா?"

பக்கத்துக் கடைக்காரப் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எடம் இருந்துச்சும்மா. எடம் மட்டுந்தான் இருந்துச்சு."

ஸ்டெல்லாம்மா ஒரு மீனை எடுத்துச் செதில் சுரண்டினார். பிறகு தலையைத் திருப்பாமலே பின்பக்கத்துக் குடியிருப்பைப் பார்த்து, "ஏ மெர்சி! கீய எறங்கி வா! உன் பைத்தியக்காரி வந்துகீறா!" என்று ஒரு சத்தம் போட்டார். கடலே ஒரு நிமிடம் அடங்கியிருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெர்சி மாடிப்படி இறங்கி வந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றாள்.

"என்னாண்ட ஏன்கா பொய் சொன்ன?"

"யாரும் இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நான் கேட்டேனே. வரட்டான்னு கேட்டேனே."

"கேட்ட."

"அப்பகூட சொல்லல."

"சொல்லல."

கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அந்த ஏழு பேருக்கும் பேரு வெச்சிகினியா?"

"நாலு பேருக்குத்தான் வெச்சேன். மீதி மூணு பேருக்கு அதுக்குள்ள தூக்கம் வந்துருச்சு."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெல்லாம்மா சிரிக்கவில்லை. "சிரிப்பு இன்னா வேண்டிகீது? அது பாவம் இளைச்சிப் போயி கீது. மேல இட்டுகினு போயி சோறு போடு" என்றார்.

மறுபரிசோதனை வரைக்கும் மூன்று வேளையும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. "உன்னிய நம்ப முடியாது. வூட்டுக்குப் போயி எதுனா அரைச்சுக் குடிச்சிடுவ" என்று மெர்சி காவல் இருந்தாள். ஸ்டெல்லாம்மா மீன் குழம்பில் கசகசா இல்லை என்று ஒவ்வொரு வேளையும் எனக்கு அறிவித்துவிட்டுத்தான் ஊற்றினார். வியாழக்கிழமை அதே நீல உடை அம்மாள் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பாயசம் மேடமா? வாங்க, வாங்க. இப்ப தூக்கம் எப்டி?" என்று கேட்டார். க்யூவில் என் பின்னால் யாரும் இல்லாததால் விவரமாகவே சொன்னேன்.

பாஸாகிவிட்டேன். வேலை நிலைத்தது. அலுவலகப் படிவத்தில், மருந்துகளைப் பற்றிய கேள்விக்குக் கீழே, "அண்மையில் கசகசா சேர்த்த உணவு உட்கொண்டீர்களா? எவ்வளவு? எத்தனை பேர்?" என்று ஒரு வரியை ரகுராமன் சேர்த்தார். அந்த "எத்தனை பேர்" எனக்காகத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து மெர்சிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு கொட்டிவாக்கம். மண்டபத்தில், யார் இந்தப் பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகக் கேட்டபோது ஸ்டெல்லாம்மா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "எங்க வூட்டுப் பொண்ணுதான். ஒரு தபா போதைக் கேஸ்ல மாட்டிகினு வேல போவப் பாத்திச்சி. இப்ப நல்லா கீது." கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, அந்தோணி மாமா. படகு வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கோயிலும் ஜெபமுமாக இருப்பவர். காது கொஞ்சம் மந்தம். சாப்பாடு முடிந்ததும் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இப்ப எப்டிமா கீற? வுட்டுட்டியா?"

நான் விளக்குவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடிவிட்டார். கனமான, சொரசொரப்பான கை. ஐந்து நிமிடம் ஜெபம் செய்தார். என் தலையில் யாரும் அவ்வளவு நேரம் கை வைத்து நின்றதில்லை. கண்ணைத் திறந்து, "தெனம் காலைல உனுக்காக கேட்டுக்கறேன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும் இது நடக்கிறது. "வுட்டுட்டியாமா?" "விடப் பாத்துக்கிட்டு இருக்கேன் மாமா." தலையில் கை. "உண்மைய சொல்லித் தொலைக்கா. வயசான மனுசன், முட்டி போட்டுகினு ஜெபம் பண்றாரு" என்று மெர்சி ஒவ்வொரு முறையும் என்னைத் திட்டுவாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அவர் ஜெபம் செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியல். குடிகாரர்கள், நோயாளிகள், கோர்ட்டில் கேஸ் இருப்பவர்கள். நடுவில் என் பெயர், நல்ல பெரிய எழுத்தில்.

"ரொம்ப வருசம் ஆச்சிமா. மூஞ்சில நல்லா தெளிவு கீது. உன் பேர எட்த்துடவா? வேற ஆளுங்க காத்துகினு கீறாங்கோ."

உள்ளே மெர்சியின் குடும்பமே கையில் கேக்கோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்ல மாமா. இன்னும் அப்பப்ப ஆசை வருது."

மெர்சிக்குக் கேக் புரையேறிவிட்டது. அவள் கணவர் அவளைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இரண்டாவது கரண்டி சோறு கேட்டாலும், ஒரு டம்ளர் காபி கூடுதலாகக் கேட்டாலும், "இன்னாக்கா, அப்பப்ப ஆசை வருதா?" என்று குழந்தைகள் முதல் ஸ்டெல்லாம்மா வரை கோரஸாகக் கேட்கிறார்கள்.

அந்தோணி மாமா மட்டும் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "அழுவாத, நான் வுட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து என் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.